யாரோ

கடலிலிருந்து தொண்ணூறு மைல் தள்ளி இருந்துகொண்டு
ஓர் ஊர் கப்பல் வாங்கியது.

நாற்பத்திரண்டு, மார்ச் மாதம்.
இங்கிலாந்தின் நடுவயிற்றில்
கையுறை தைத்துப் பிழைக்கும் தோர்ன்விக்.
கசாப்புக் கடையிலிருந்து மாதாகோவில் படிவரை
செப்புக் காசுகளை ஒட்டி ஒட்டி அடுக்கினார்கள்.
பன்றி வளர்ப்போர் சங்கம் ஒரு பன்றியை ஏலம் விட்டது.
எடுத்தவர் திருப்பிக் கொடுக்க, மறுபடி ஏலம்.
ஒரே பன்றி ஏழு முறை விலைபோனது.
சேர்ந்த பணத்துக்குக் கடற்படை
ஒரு சிறு கப்பலை ஊர் பெயரில் எழுதிக்கொடுத்தது.
கப்பலை ஊர் பார்க்கவில்லை.
ஊரைக் கப்பலும் பார்க்கவில்லை.
இங்கிருந்து எண்பது ஜோடிக் கையுறை போனது.
அங்கிருந்து நன்றி என்று ஒரு கடிதம்,
நடுவில் தணிக்கைக்காரர் கத்தரித்த ஜன்னல்.

கப்பலின் பெயர் யாரோ.
வரப்போரம் வெண்கொத்தாய்ப் பூக்கிற செடி,
காயத்தில் வைத்துக் கட்டினால் ரத்தம் நிற்குமாம்.
அவர்கள் மொழியில் அவ்வளவுதான்.
தமிழில் எழுதுகிற கைக்குத்தான்
அந்தப் பெயர் இன்னொரு பக்கமும் திறந்துகொள்கிறது.

மறு பிப்ரவரி, ஐஸ்லாந்துக்குத் தெற்கே,
பதினொரு நிமிடம்.
எழுபத்தொரு பேர்.
ஒருவர்கூட இந்த ஊர்க்காரர் இல்லை.

எப்படி அழுவதென்று ஊருக்குத் தெரியவில்லை,
யாருடைய அம்மாவும் இங்கே இல்லையே.
பங்கு பிரித்துக்கொண்டது:
கால்வாய்த் தெருவில் வீட்டுக்கு ஒரு பெயர்.
ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு.
குடியிருப்பவர் போவார், வருவார்.
பெயர் மட்டும் தண்ணீர் வரி போல
கதவு எண்ணோடு கிடக்கும்.

பதினான்காம் எண்ணுக்கு நவம்பரில் வந்தவள் ஹலினா.
போலந்துக்காரி,
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை.
கதவிடுக்கு வழியாக வந்து விழுந்தன
ஒரு பீட்சா விளம்பரம்,
முன்பு இருந்தவருக்கு மின்கட்டண எச்சரிக்கை,
தட்டச்சு செய்த ஒரு சீட்டு:
கத்பர்ட் ரெய்ன், ஸ்டோக்கர், வயது பத்தொன்பது.
ஞாயிறு பதினொரு மணி, மதகருகே. உரக்க.
ஏதோ பாக்கி என்று நினைத்தாள்.
ஸ்டோக்கர் என்றால் யார் என்று கடைக்காரரைக் கேட்டாள்.
கொதிகலன் பார்ப்பவன்.
அது விளங்கியது.
நீராவி இமையை எப்படிச் சுடும் என்று
அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

இந்த வருடம் கால்வாய் உறைந்துவிட்டது.
வீசிய மலர்வளையம்
விழுந்த இடத்திலேயே தட்டென்று உட்கார்ந்துகொண்டது.
பாதிரியார் மேயரைப் பார்த்தார்.
மேயர் தன் பூட்ஸைப் பார்த்தார்.
மதகுக்காரர் டெஸ்மண்ட் ஓட்ஸ்
நீண்ட துறட்டியால் பனியைக் குத்தத் தொடங்கினார்.
நிறுத்தச் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை.
டக்.
எட்டாம் எண், சிக்னல்காரர் ஐவர் பென்வுட்.
டக்.
பத்தாம் எண், சமையல்காரர் லெனார்ட் ஸ்கெய்ஃப்,
மூக்கொழுகும் ஒரு பையனின் குரலில்.
டக். டக்.

பன்னிரண்டாம் எண்ணில் ஆளில்லை,
விற்பனைப் பலகை நிற்கிறது.
ஆளில்லாத வீட்டுக்கு வழக்கம்
இரண்டு மூச்சு சும்மா நிற்பது.
ஹலினாவுக்குத் தெரியாது.
யாரோ மறந்துவிட்டார்கள் என்று பதறி,
சீட்டைப் பாராமலே, வேண்டியதைவிட உரக்க,
ரகரம் நாக்கில் உருள உருள
கத்பர்ட் ரெய்னைக் கூப்பிட்டுவிட்டாள்.

பன்னிரண்டாம் வீட்டானின் மௌனத்துக்குள்
பதினான்காம் வீட்டான் கால் வைத்துவிட்டான்.
சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.
கப்பலிலும் அப்படித்தான் இருந்திருக்கும்,
ஏணி ஒன்று, ஆட்கள் பலர்.

ஊதுகொம்பு பாதியில் மூச்சுவிட்டது.
பிறகு மண்டபத்தில் தேநீர்.
துறட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்த ஓட்ஸிடம் கேட்டாள்,
பக்கத்து வீட்டுப் பெயர் என்ன?
அவர் சொன்னார். எழுத்துக்கூட்டியும் சொன்னார்.

திங்கள் விடியலில் வேலை முடிந்து வரும்போது
வளையம் இன்னும் பனிமேலேயே இருந்தது,
ஒரு நீர்க்கோழி அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது.

குளிர்பதனப் பெட்டிமேல் காந்தத்தில் அந்தச் சீட்டு.
கத்பர்டுக்குக் கீழே பென்சிலில் இன்னொரு பெயர்,
அடைப்புக்குறிக்குள்: யாராவது குடிவரும் வரை.
அதற்கும் கீழே,
குப்பை வண்டி செவ்வாய்.